தளத்துக்குள் மறையும் அமானிதம்

  

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. இந்த மாதத்தில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை மாடியேறி விரிசல் தேடுவார்கள். நம் பள்ளியிலும் சென்ற வருடம் இரண்டாவது ஸஃப்புக்கு மேலே ஒழுகி, தொழுகை நடக்கும்போதே பிளாஸ்டிக் வாளி வைத்தோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் முன் வைக்க வேண்டும். அவருடைய அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவர் கான்கிரீட் செட்டில் வேலை செய்பவர். தளம் போடும் அன்று மிக்சர் மிஷினோடு வந்து, காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முழுத் தளத்தையும் போட்டுவிட்டுப் போகிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். மேஸ்திரி அவருக்குச் சொந்தத் தாய்மாமா. ஒரு ஜும்ஆ முடிந்து எல்லோரும் போன பிறகும் தூணருகே உட்கார்ந்திருந்தார். "ஹஜ்ரத், நான் வாங்கின கூலி ஹலாலா?" என்றார்.

விசாரித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டிருக்கிறார்கள். மாலை நாலரை மணி. மேகம் கறுத்துவிட்டது. பால்கனிப் பகுதி மட்டும் பாக்கி. கலவை கொண்டு வந்தவர்கள் அதன்மேல் நடந்து நடந்து, மேலே நிற்க வேண்டிய கம்பியை அடிப்பலகை வரை மிதித்துவிட்டார்கள். இவர் அதைப் பார்த்தார். "மாமா, கம்பி இறங்கிப் போச்சு, தூக்கிக் கட்டிட்டுப் போடலாம்" என்று சொல்லியும் விட்டார். மாமா வானத்தைப் பார்த்தார். "மழை வருதுடா, கொட்டுங்கடா" என்றார். கொட்டினார்கள். மட்டப்பலகை இழுத்து நிரவிய பிறகு பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்ததாம்.

எனக்குக் கட்டட வேலை தெரியாது. கம்பி நாலு விரல் கீழே போனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். ஆகவே அன்று பதில் சொல்லவில்லை. "தம்பி, இரண்டு நாள் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளரிடம் போனேன். அவர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக் காட்டி விளக்கினார். நாலு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் அறையின் தளத்தில் பளு ஏறினால் நடுப்பகுதி தொய்யும். அப்போது பிளக்கப் பார்ப்பது அடிப்பக்கம். அதனால் அங்கே முக்கியக் கம்பி அடியில் இருக்கும். பால்கனி அப்படியல்ல. ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு, மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது. ஆள் ஏறி நின்றால் அதன் மேல்பக்கம்தான் பிளக்கும். எனவே கம்பி மேல்பக்கம் இருந்தாக வேண்டும். கம்பியை வளைத்துச் செய்த 'சேர்'களை அடியில் வைத்து அதை உயர்த்தி நிறுத்துவார்கள். மிதிபட்டு அடிக்குப் போய்விட்டால், கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். காங்கிரீட்டுக்கு நசுக்கினால் தாங்கும் வலு உண்டு, இழுத்தால் தாங்கும் வலு மிகக் குறைவு. இழுவையைத் தாங்கத்தான் இரும்பையே போடுகிறோம்.

சொல்லி முடித்து அவர் என்னிடம் கேட்டது, "அந்தப் பால்கனியில் இப்போது யாராவது நிற்கிறார்களா?" என்பதுதான்.

சகோதரர்களே! அந்த இளைஞர் கூலியைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது கூலி இல்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். நாம் இதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வியாபாரியை ஒரு மோசடிக்காரராகவே மனதில் வைத்துக்கொள்கிறோம். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றார். அது பொய்யில்லை. மழையை அவர் வரவழைக்கவில்லை. நனைந்ததற்கு நபியவர்கள் அவரைக் கண்டிக்கவும் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கடுமையான எச்சரிக்கை அதற்குப் பிறகு வருகிறது. குறை வந்தது மழையால். குற்றம் வந்தது அதை அடியில் வைத்ததால்.

பால்கனியிலும் அப்படித்தான் நடந்தது. கம்பி மிதிபட்டது தற்செயல். எந்தத் தளத்திலும் நடக்கக்கூடியது. அதைத் தூக்கிக் கட்ட அரை மணி நேரம் பிடித்திருக்கும். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, எந்த இடத்தில் நிறுத்துவது என்று பொறியாளரைக் கேட்டு, மறுநாள் தொடர்ந்திருக்கலாம். அவர்கள் அதற்கு மேல் கலவையைக் கொட்டி, ஈரத் தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதுபோல் பரப்பிவிட்டார்கள். ஒரு வித்தியாசம், தானியத்துக்குள் கையை விடலாம். காங்கிரீட் இறுகிய பிறகு யார் கையும் உள்ளே போகாது.

தளம் போடும் வேலையின் சோதனையே இதுதான். ஒரு தச்சர் நாற்காலி செய்தால் உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். தையல்காரரின் தையலைத் திருப்பிப் பார்க்கலாம். தளத்தில் மறைந்துபோவது எத்தனை! அடிப்பலகைக்கும் கம்பிக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைக்க வேண்டும். வைக்காமல் ஜல்லிக் கல்லைச் சொருகியிருக்கலாம், அதுகூட இல்லாமலிருக்கலாம். மேலே கலவை விழுந்த பிறகு யாருக்குத் தெரியும்? ஐந்தாறு மழைக்காலம் கடந்து கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டு உப்பி, கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்து யார் தலையிலாவது போடும்போதுதான் தெரியும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் போதும் என்ற கலவையில், எளிதாக ஓட வேண்டும் என்பதற்காக இன்னும் ஒரு வாளி ஊற்றினால், பரப்புகிறவருக்கு இடுப்பு வலி மிச்சம். அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. தளம் போட்டபின் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள், பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். மூன்றாம் நாளே பாத்தி காய்ந்துகிடந்தால் அதை எந்த ரசீதும் காட்டாது.

குறை வெளிப்படும் நாளில் மேஸ்திரி வேறு ஊரில் இருப்பார். வேலை செய்தவர்கள் பத்துத் திசையில் சிதறியிருப்பார்கள். நம் ஊரில் இன்று தளம் போடுகிறவர்களில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது கடைசி ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசுவது அவர்களுக்கு முழுதாகப் புரியாது என்பது எனக்கு வருத்தம். தொழுகைக்குப் பிறகு யாராவது அவர்களுக்கு ஹிந்தியில் எடுத்துச் சொல்லுங்கள்.

தாவூது (அலை) அவர்களைப் பற்றி ஸபஃ அத்தியாயத்தில் வரும் செய்தியை நினைத்துப் பாருங்கள். அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, போர்க் கவசம் செய்யுமாறும், அதன் வளையங்களை அளவாகக் கோக்குமாறும் கட்டளையிட்டான். ஒரு நபிக்கு வந்த வஹீயில் பட்டறை வேலையின் அளவும் சேர்ந்து வருகிறது! கவசத்தில் ஆயிரக்கணக்கான வளையங்கள் இருக்கும். ஒன்று சரியில்லையென்றால் போதும், அம்பு அந்த வழியாகப் போய்விடும். அணிந்திருப்பவருக்கு அது எந்த வளையம் என்று தெரியாது. அதே வசனத்தின் முடிவில், நீங்கள் செய்வதை நான் பார்க்கிறேன் என்ற கருத்தை அல்லாஹ் வைக்கிறான். வாங்குகிறவர் பார்க்க முடியாத வேலையைச் சொல்லிவிட்டு, பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லப்படுகிறது.

இஹ்ஸான் என்றால் அல்லாஹ்வை நீ பார்ப்பதுபோல் வணங்குவது என்று நாம் படித்திருக்கிறோம். அதைத் தஹஜ்ஜுத் தொழுகைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். எல்லாக் காரியத்திலும் அல்லாஹ் இஹ்ஸானை விதித்திருக்கிறான் என்று நபியவர்கள் சொன்னபோது எடுத்துக் காட்டியது எதை? அறுப்புத் தொழிலை. கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்றார்கள். அந்தப் பிராணி நாளை வந்து புகார் சொல்லப்போவதில்லை.

சரி, அந்த இளைஞரிடம் வருவோம். இரண்டு நாள் கழித்து வந்தார். வந்ததும் தானாகவே மூன்று சமாதானம் சொன்னார். பாவம், இரண்டு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவை அவை.

முதலாவது, "நான் கூலிக்காரன்தானே, ஹஜ்ரத்? மேஸ்திரி சொன்னதைச் செய்தேன்." இதில் நியாயம் இருக்கிறது. நம் ஃபிக்ஹ் நூல்களில் நாள் கூலிக்கு வருபவரையும், வேலையை மொத்தமாக ஒப்புக்கொள்பவரையும் தனித்தனியாகவே பிரித்துப் பேசுகிறார்கள். நாள் கூலிக்காரர் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ கெடுக்காதவரை நஷ்டம் அவர் தலையில் விழாது. மொத்த வேலை எடுப்பவர் விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கைத்தொழில்காரர்களை அலீ (ரலி) அவர்கள் பொறுப்பாளிகளாக ஆக்கினார்கள் என்றும், அப்படிச் செய்தால்தான் மக்கள் சீராவார்கள் என்று கருதினார்கள் என்றும் அறிவிப்பு வருகிறது. ஆகவே நஷ்ட ஈடு என்று வந்தால் முதலில் மாமாவின் பக்கம்தான் போகும். உடல் நோக உழைத்த அந்த நாளின் கூலி உங்களுடையது, தம்பி என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஆனால் ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்ற ஹதீஸில் ஆட்சியாளர், கணவர், மனைவி என்று சொல்லிக்கொண்டே வந்த நபியவர்கள் பணியாளரையும் சேர்த்தார்கள் என்பதை நினைவூட்டினேன். எஜமானரின் பொருளுக்கு அவர் மேய்ப்பர். உங்கள் கை செய்ததற்கு நீங்கள் கூலி வாங்கிவிட்டீர்கள். உங்கள் கண் பார்த்தது இன்னும் உங்களிடம் அமானிதமாக இருக்கிறது. அதை உரியவரிடம் சேர்க்கவில்லை.

இரண்டாவது, "நான்தான் சொன்னேனே. கேட்காதது அவர்." இதற்குக் கப்பல் ஹதீஸைச் சொன்னேன். புகாரியில் இருக்கிறது. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போக வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று தங்கள் பங்கில் ஓர் ஓட்டை போடலாம் என்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களில்லை பாருங்கள்! அடுத்தவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தவர்கள். உங்கள் மாமாவும் அப்படித்தான். மிஷின் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, மழை வருகிறது, இருபது பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனாலும் கையைப் பிடிக்காமல் விட்டால் கப்பலில் இருக்கும் எல்லோரும் போய்விடுவார்கள் என்றார்கள் நபியவர்கள். கையைப் பிடிப்பது என்றால் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டு, மறுநிமிடம் நாமே கூடையைத் தூக்குவதல்ல.

இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. கூடையைத் தூக்கமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்ல ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அதுவும் வேலை கற்றுக்கொடுத்த தாய்மாமாவிடம். நான் ஏசி போட்ட மிஹ்ராபில் நின்று பேசுகிறேன்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. "அந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன் இல்ல ஹஜ்ரத். குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு வெளிக்குழாயைக் காட்டினாரு. ரேட்டையும் கடைசி வரைக்கும் அடிச்சுக் குறைச்சாரு. அவருக்கு இவ்வளவு போதும்னு மாமா சொல்வாரு." உழைப்பவர்கள் மனதில் இது பெரிய நியாயம். நம்மை மதிக்காதவருக்கு நாம் ஏன் நல்ல வேலை கொடுக்க வேண்டும்?

கஹ்ஃபு அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்குப் போகிறார்கள். பசி. உணவு கேட்கிறார்கள். ஊர்க்காரர்கள் மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊரில் சாயப்போகும் ஒரு சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். கூலி வாங்கியிருக்கலாமே என்பது மூஸா (அலை) அவர்களின் கேள்வி. நம் இளைஞரின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான். பதில் என்ன? சுவருக்கு அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. சுவர் நிமிர்ந்தது உணவு மறுத்த ஊருக்காக இல்லை, வளர்ந்து வந்து எடுக்கப்போகும் பிள்ளைகளுக்காக. தம்பி, அந்தப் பால்கனியில் நிற்கப்போவது ரேட்டைக் குறைத்தவர் மட்டும்தானா?

அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பொறியாளர் என்னிடம் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன். அன்று மாலையே மாமாவிடம் போனோம், நானும் கூடப் போனேன். என்ன நடந்தது என்பதை அழகுபடுத்திச் சொல்லமாட்டேன். மாமா கோபப்பட்டார். என்னையும் சேர்த்துத்தான். இரவு பத்து மணிக்கு அவரே போன் செய்து, வீட்டுக்காரரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். மறுநாள் காலை பால்கனிக் கதவைப் பூட்டி வைத்தார்கள். உடைக்காமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று இருக்கிறது, பொறியாளர் அதைக் கொண்டுவந்து பார்த்தார். ஒரு பக்கம் பரவாயில்லை, மறுபக்கம் கம்பி அடியில் கிடந்தது. அடியில் இரண்டு தூண் எழுப்பி, ஓரத்தில் உத்தரம் கொடுத்தார்கள். செலவு மாமாவுடையது. அந்த இளைஞருக்கு மூன்று மாதம் மாமாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. பெயிண்ட் அடிக்கப் போனார். இப்போது மீண்டும் சேர்ந்திருக்கிறார். தளம் போடும்போது கம்பிமேல் நடக்கப் பலகைப் பாதை போடும் பொறுப்பை அவரிடம் விட்டிருக்கிறாராம் மாமா. அந்த மூன்று மாதத்தில் வீட்டு வாடகை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

இங்கே வேலை கொடுப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் தொழிலாளிக்குத்தானே சொல்கிறார் என்று வசதியாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வது புகாரியில் பதிவாகியிருக்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிமெண்ட், ஜல்லி, கம்பி விலையைக் கூட்டினாலே வரும் தொகைக்குக் கீழே ஒருவர் ரேட் சொன்னால், மிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோமே, அது எந்தக் கணக்கு? "நாளைக்கு நல்ல நாள் பார்த்திருக்கு, மழை வந்தாலும் இன்னைக்கே முடிச்சிடு" என்று நெருக்குகிறோமே, அதற்கு யார் பதில் சொல்வது? கம்பி கட்டி முடித்த அன்று மாடியேறிப் பார்க்க நேரமில்லை. தளம் போட்ட அன்று பிரியாணி பரிமாற மட்டும் நேரம் இருக்கிறது.

பள்ளியின் கதையைச் சொல்கிறேன் என்றேன். நமது பழைய பள்ளியின் கூரை தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிய கூரை. மேலே தட்டோடு. அந்தக் கூரை ஒழுகி நான் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் போட்ட கொத்தனார்களில் முஸ்லிம்கள் யாரும் இல்லை என்றும் சொல்வார்கள். அதை இடித்துவிட்டுப் புதிய தளம் போட்டபோது நிர்வாகக் குழுவுக்கு நான்கு ரேட் வந்தது. மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் இவ்வளவு குறைவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பள்ளியின் பணம் மிச்சமானது என்று துஆவும் செய்தேன். மாடியில் தட்டோடு பதித்தபோது தண்ணீர் வடிய வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்க்கக்கூட யாரும் மேலே போகவில்லை. இரண்டாவது ஸஃப்பில் வாளி வைத்தபோது வேலை செய்தவரைத் திட்டினோம். அவர் பெயரைச் சொல்லித் திட்டியதற்கு நாம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த வருடம் வேறொரு செட்டிடம் பேசியிருக்கிறோம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் திருத்தி, நீர்க்கசிவுத் தடுப்பு போடும் வேலை. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும், ஆனால் மழைக்குப் பயந்து எதையும் மூடிவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். மேலே மூடுவதற்கு முன், வடிகுழாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதாக மேஸ்திரியே சொன்னார். இன்று அஸருக்குப் பிறகு தண்ணீர் விடுகிறார்கள். ஏணி வடக்கு வாசல் பக்கம் இருக்கிறது. முடிந்தவர்கள் மேலே ஏறிப் பாருங்கள். ஏற முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸர் வரை, தொழுதுவிட்டு இரண்டாவது ஸஃப்புக்கு மேலே அண்ணாந்து பார்த்து, ஈரம் தெரிந்தால் முஅத்தினிடம் சொல்லுங்கள். மாடியில் இருக்கிறவர்களுக்கு யாராவது டீ கொண்டு போங்கள்.